ரெண்டு மாலை வாங்கப் போன கதை

எனக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது, ஊரில் உள்ளவர்களுக்குத்தான் வாய் சரியில்லை என்று மூன்று வருஷம் முழு மனதோடு நம்பியவன் நான். அறுபதுகளின் தொடக்கம். அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் நாள் முழுக்க இரும்புத் தகடு தட்டும் வேலை. வீட்டுக்கு வந்தால் எல்லோரும் முணுமுணுப்பதுபோல் இருக்கும். திரும்பக் கேட்க வெட்கம். பாதி கேட்டதுமே தலையை ஆட்டிவிடுவேன். (அதற்காகவே எனக்குப் 'பணிவான பையன்' என்று பெயர்.)

தங்கை கமலாவின் கல்யாணத்தன்று காலை, மன்னார்புரத்தில் எங்கள் வீட்டுப் பந்தலில் நாகஸ்வரம் முழங்கிக்கொண்டிருந்தது. அப்பா வாய் நிறைய வெற்றிலையோடு வந்தார்.

"ஸ்ரீரங்கத்துக்குப் போயி ரெண்டு மாலை வாங்கிட்டு வந்துடு. நல்லாப் பெருசா இருக்கணும்."

என் காதில் விழுந்தது "ரெண்டு வாழை". பந்தல் வாசலில்தான் ஏற்கெனவே ரெண்டு கட்டியிருக்கிறதே? குழம்பினேன். குழம்பியபடியே தலையை ஆட்டினேன்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு தோட்டத்தில் குலையோடு ரெண்டு மரங்களை வெட்டி வாங்கிக் குதிரை வண்டியில் ஏற்றினேன். இலை குதிரையின் முகத்தில் விழாமலிருக்க, காவிரிப் பாலம் நெடுக மரங்களைக் கட்டிப்பிடித்தபடி வந்தேன். வண்டிக்காரர் ஏதோ கேட்டார். "ஆமாங்க" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார். (என்ன கேட்டார் என்று இன்றுவரை தெரியாது.)

முகூர்த்தத்துக்குக் கால் மணி நேரம் இருந்தது. நான் மரத்தோடு நுழைந்தேன்.

"மாலை எங்கடா?" என்றார் அப்பா.

"இதோ, ரெண்டு. குலையோட."

"மாலைடா! மாலை!"

"வாழைதாம்ப்பா! இதைவிடப் பெருசு அங்க இல்ல."

மேடையில் கமலா அழ ஆரம்பித்தாள். வாழை சின்னதாகப் போய்விட்டதற்கா இப்படி அழுகிறாள் என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை.

மாப்பிள்ளை சுந்தரம் பள்ளி ஆசிரியர். அவர் மேடையைவிட்டு இறங்கி, என் முதுகுப் பக்கம் நின்று "மச்சான்" என்று மூன்று தரம் கூப்பிட்டாராம். நான் திரும்பவே இல்லை.

"மாமா, அவரைத் திட்டாதீங்க. அவருக்குக் காது கேக்கலைங்க" என்று அப்பாவிடம் சொன்னாராம். "எங்க ஸ்கூல்ல ஒரு பொண்ணு இப்படித்தான், பேசறவங்க வாயையே பாத்துக்கிட்டிருக்கும்."

கமலாவின் தோழிகள் தங்கள் தலையிலிருந்த மல்லிகைச் சரங்களைக் கழற்றி, சேர்த்து முறுக்கி, ரெண்டு மாலை செய்தார்கள். கல்யாணம் நடந்தது.

மறுவாரமே சுந்தரம் என்னைக் காது டாக்டரிடம் இழுத்துப் போனார். கவை போன்ற ஓர் இரும்பைத் தட்டி என் காதருகே வைத்தார் டாக்டர். மணி மாதிரி ஒலிக்குமாம். எனக்கு எங்கோ ஈ பறந்ததுபோல் இருந்தது. 'பட்டறைச் சத்தம்தான் காரணம். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம். முன்பே வந்திருக்க வேண்டும்' என்று எழுதிக் காட்டினார். அந்தக் காகிதத்தைப் பார்த்து அழுதுவிட்டேன். பிறகு சட்டைப் பையில் ஒரு சின்னப் பெட்டியும், அதிலிருந்து காதுக்கு ஒரு ஒயரும் வந்தன. வீட்டுக் குழாய் இத்தனை நாளும் சொட்டிக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது.

அதோடு எங்கள் குடும்பத்தில் மாப்பிள்ளை பார்க்கும் முறையே மாறிவிட்டது. ஜாதகமெல்லாம் அப்புறம். முதலில் சுந்தரம், பெண் பார்க்க வந்த பையனுக்குப் பின்னால் போய் நின்று, மெதுவாக, "காபி வேணுங்களா தம்பி?" என்பார். என் மகளைப் பார்க்க வந்த பையன் திரும்பாமலே சொன்னான்:

"சர்க்கரை கம்மியாப் போடச் சொல்லுங்க."

அந்த நிமிஷமே நிச்சயம் செய்துவிட்டோம்.