தம்பிஐயாவின் தோளில் ஒரு மலைப்பாம்பு

இந்த முறை மனுசியிடம் தோற்பதில்லை என்று தம்பிஐயா முடிவு கட்டிவிட்டார்.

விஷயம் மகள் பத்மாசினியின் படிப்பு. அவளை உடுவில் இங்கிலீசுப் பள்ளிக்கூடத்து விடுதியில் சேர்க்கவேண்டுமென்று மனுசி தங்கமுத்து ஒற்றைக்காலில் நின்றாள். "நாளைக்கு என்ரை வீட்டுக்கு வரப்போற மருமகளுக்கு இங்கிலீசு எதுக்கு?" என்று தம்பிஐயாவின் அக்கா கேட்டுவிட்டா. அக்கா கேட்டால் தம்பிஐயாவுக்கு அதுதான் சட்டம்.

அந்த நேரம் பார்த்து யாழ்ப்பாணம் முற்றவெளியில் மிருகக்காட்சிக் கூடாரம் ஒன்று வந்து இறங்கியது. கரடிக்குட்டியைத் தடவலாமாம், மலைப்பாம்பைத் தோளில் போடலாமாம். அவர்களுடைய ஊரான கொடிகாமத்துச் சந்தை முழுக்க இதே கதை. தங்கமுத்துவோ மண்புழுவைக் கண்டாலே மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடுகிறவள். தம்பிஐயாவின் மூளை சுறுசுறுப்பானது.

"இஞ்சை பார். அந்தப் பாம்பை நீ தோளிலை போட்டுக் காட்டு. பிள்ளையை உடுவிலுக்கு விடுறன். இல்லையெண்டால் இந்தக் கதை இனி எடுக்கப்படாது."

தங்கமுத்து கொஞ்சம் யோசித்தாள். "பயமாய்த்தான் கிடக்கு. எண்டாலும் வாறன்."

சனிக்கிழமை ரயிலேறினார்கள். இளந்தாரி வயதில் நாகபாம்பை வாலில் பிடித்துச் சுழற்றி எறிந்த கதையைத் தம்பிஐயா வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். பெட்டியிலிருந்த சந்தை ஆட்கள் வாய்பிளந்து கேட்டார்கள். அவர்களும் கூடாரத்துக்குத்தான் போனார்கள்.

பாம்பு மேசைமேல் கிடந்தது. தம்பிஐயாவின் தொடையளவு பருமன். பாம்புக்காரன் சிமியோன் அதைக் குழந்தைபோலத் தூக்கினான்.

"வாங்கோ அம்மா, ஒண்டும் செய்யாது."

தங்கமுத்து இரண்டடி வைத்தாள். நின்றாள். நடுங்கினாள். தம்பிஐயாவுக்கு உள்ளே வெற்றி மத்தளம் கொட்டியது.

"இஞ்சாருங்கோ, நீங்கள் ஒருக்காப் போட்டுக் காட்டுங்கோ. பாத்துக்கொண்டு நான் போடுறன்."

"நானோ? பந்தயம் உனக்கெல்லோ?"

"நாகபாம்பைச் சுழட்டின ஆளுக்கு இது என்ன?" என்றார் சந்தை ஆள் ஒருவர். கூட்டம் சிரித்தது. தம்பிஐயா மறுத்து வாய் திறக்குமுன் சிமியோன் பாம்பைத் தோளில் இறக்கிவிட்டான். ஒரு மூட்டைப் பாரம். குளிர்ச்சி வேறு.

"ஆடாதேங்கோ ஐயா. பதறினால்தான் இறுக்கும்."

தம்பிஐயா தூணானார். பாம்பு சாவகாசமாக அவருடைய இடுப்பைச் சுற்றி வால்போட்டது. தம்பிஐயாவின் பிடிவாதம் ஊரறிந்தது. பாம்பின் பிடி அதையும் மிஞ்சியது.

தங்கமுத்து கைக்கெட்டாத தூரத்தில் நின்றுகொண்டாள். நடுக்கத்தைக் காணவில்லை.

"பிள்ளை உடுவிலுக்குப் போறாளோ?"

"முதல்லை... இதைக் கழட்டச் சொல்லு."

"கேட்டதுக்கு மறுமொழி?"

பாம்பு நாக்கை நீட்டி அவர் காதைப் பார்த்தது.

"போறாள்."

"சந்தை ஆக்களுக்கும் கேக்கட்டும். உரத்துச் சொல்லுங்கோ."

"உரத்துக் கத்தினால் இறுக்குமடி!"

"அப்ப எல்லாரும் கிட்ட வாங்கோ," என்று தங்கமுத்து கூட்டத்தை அழைத்தாள். வந்தார்கள். தம்பிஐயா சொன்னார்.

"உங்கடை அக்காவுக்கு ஆர் சொல்லுறது?"

"நான்... நானே சொல்லுறன்."

சிமியோனுக்கே இரக்கம் வந்துவிட்டது. பாம்பை எடுக்கக் கை நீட்டினான்.

தங்கமுத்து தடுத்தாள். "கொஞ்சம் பொறுங்கோ அண்ணை. இவரோடை கதைக்க இன்னும் கன விஷயம் கிடக்கு."