காய் விட்ட கை

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் அவர்களுக்கு,

இங்கே அனைவரும் நலம். ‘அனைவரும்’ என்று எழுதும்போது பேனா கொஞ்சம் தயங்குகிறது, அதைப் பொருட்படுத்த வேண்டாம். அங்கே நீங்களும் அக்காவும் நலமாக, முக்கியமாக வாய்விட்டுப் பேசிக்கொண்டு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஒரு போன் போட்டால் முடிகிற விஷயத்துக்கு இவன் ஏன் பக்கம் பக்கமாக எழுதுகிறான் என்று உங்களுக்குத் தோன்றும். போனில் பேச முடிந்தால் நான் ஏன் எழுதப் போகிறேன்? உங்கள் மருமகள் சுண்டுவின் கை பேச ஆரம்பித்ததிலிருந்து என் கைபேசி பேசுவதில்லை. இதெல்லாம் தற்செயல்தான். பயப்படும்படி ஒன்றுமில்லை. எதற்கும் உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

சுண்டுவுக்கு வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பிறந்ததிலிருந்தே ஒட்டிக்கொண்டிருந்தது உங்களுக்குத் தெரிந்ததுதான். தெரியாதது என்னவென்றால், எங்கள் தெருப் பிள்ளைகளுக்குள் ஒரு சட்டம் உண்டு. அந்த இரண்டு விரலையும் சேர்த்து நீட்டினால் பழம், அதாவது நாம் சிநேகம். கத்தரிக்கோல் மாதிரி பிரித்து நீட்டினால் காய், இனி உன்னோடு பேச்சே கிடையாது. ஆக, நம் சுண்டு பிறவியிலேயே ஊருக்கெல்லாம் பழம் விட்ட கைக்காரி. யாரோடும் அவளால் சண்டை போட முடியாது, அதற்கு வேண்டிய கருவி அவளிடம் இல்லை. நான் பாட்டுக்கு, “வலிக்கலையே, இருந்துட்டுப் போகட்டுமே” என்றேன். உங்கள் தங்கை, “ஸ்கூல்ல பென்சில் பிடிக்க வேண்டாமா? இப்பவே பிரிச்சாதான் ரெண்டும் நேரா வளரும்” என்றாள். வழக்கம்போல அவள் சொன்னதே நடந்தது. டாக்டர் கைராசிக்காரர் என்று எல்லாரும் சொன்னார்கள். ஆனாலும் குழந்தையை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தியதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாய் மட்டும் ஓடியது. “குழந்தைக்கு ஏதாவது ஆச்சுன்னா நீதான் பொறுப்பு” என்று சொல்லிவிட்டேன். நாள் முழுக்கக் கார் ஓட்டப் பழகுகிறவர்களிடம் “பிரேக்! பிரேக்!” என்று கத்திச் சம்பாதிக்கிறவள் உங்கள் தங்கை. அவள் வாய்க்கே பிரேக் போட்ட பெருமை எனக்கு. டாக்டர் வெளியே வந்து, எல்லாம் நல்லபடியாக முடிந்தது, இடுப்புப் பக்கத்திலிருந்து கொஞ்சம் தோல் எடுத்து விரல் இடுக்கில் ஒட்டியிருக்கிறோம் என்றபோது அவரிடம் நன்றி சொன்னாள். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. அன்றிலிருந்து வீட்டில் நானும் அவளும் சுண்டு வழியாகத்தான் பேசிக்கொண்டோம். “அப்பாகிட்ட சாவி எங்கேன்னு கேளு.” “மேஜை மேலேன்னு அம்மாகிட்ட சொல்லு.” பாவம், ஒரு கையில் முழங்கைக்கு மேல் வரை மாவுக்கட்டு, இன்னொரு கையில் எங்கள் தபால்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கட்டுக்கு வெளியே விரல் நுனிகள் மட்டும் தெரியும். ஒட்டிக்கொள்ளாமல் இருக்க இடையில் பஞ்சு வைத்து, அந்த இரண்டையும் அகட்டி வைத்துக் கட்டியிருந்தார்கள். போதாக்குறைக்கு டாக்டர், “கையைத் தொங்க விடக் கூடாது, வீங்கிடும். எப்பவும் நெஞ்சுக்கு மேல தூக்கியே வெச்சிருக்கணும்” என்று சொல்லி அனுப்பினார். விளைவு என்ன? எதிரே வருகிற எல்லாவற்றுக்கும் டாக்டர் உத்தரவின் பேரில் காய். வீட்டுக்குள் நுழைந்ததும் சமையலறைக் குழாய்க்கு நேராகக் கை நின்றது. எந்தக் குழாய்க்காரராலும் நிறுத்த முடியாத அந்தச் சொட்டு நின்றது. நல்லதாப் போச்சு என்று நினைத்தேன். பிறகு சுவர்க் கடிகாரம். முள் ஓடுகிறது, டிக் டிக் மட்டும் இல்லை. மாடிப்படியில் மேல்வீட்டுப் பாட்டு வாத்தியார் எதிரே வந்து, “என்னம்மா கையில” என்று ஆரம்பித்தவர் அதற்கு மேல் பேசவில்லை. உதடு ஆடிக்கொண்டே இருந்தது. தொண்டைக்கட்டு என்று சைகை காட்டிவிட்டு ஏறிப் போனார். எதிர்வீட்டு நாய் எங்களைப் பார்த்து ஓடி வந்து வாயைத் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. சத்தம் வரவில்லை. அது தன் வாயையே ஒரு தரம் நக்கிப் பார்த்துக்கொண்டு, ஏதோ தொலைத்ததைப் போல் பின்னால் திரும்பிப் பார்த்தது. மச்சான், ஒரு நாய் அப்படிக் குழம்பி நான் பார்த்ததே இல்லை. தொண்டைக்கட்டுதான், நாய்க்கும் வரும், பருவநிலை சரியில்லை என்று உங்கள் தங்கை காதில் விழுகிற மாதிரி சுவரைப் பார்த்துச் சொன்னேன். குழந்தை கையில் மாவுக்கட்டு, என் வாயில் சப்பைக்கட்டு.

கட்டுப் பிரித்த அன்று டாக்டர் மிகவும் சந்தோஷப்பட்டார். ஒட்டின தோல் பிடித்துவிட்டது. ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். தினமும் தைலம் தடவி விரல்களை அகட்டிப் பழக்க வேண்டும், இல்லாவிட்டால் தழும்பு இறுகி இரண்டையும் மறுபடி இழுத்துச் சேர்த்துவிடும், திரும்பவும் கத்தி வைக்க வேண்டியிருக்கும். உங்கள் மருமகள் என்ன செய்தாள் தெரியுமா? வீட்டுக்கு வந்ததும் அந்த இரண்டு விரலையும் சேர்த்து இடது கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள். சாப்பிடும்போதும் திறக்கவில்லை, தூங்கும்போதும் திறக்கவில்லை. கெஞ்சினோம், மிரட்டினோம், பொம்மை வாங்கினோம். நானும் கேட்டேன், உங்கள் தங்கையும் கேட்டாள், தனித்தனியாகத்தான். பிடித்து இழுக்கவும் பயம், புதுத் தோல். பிள்ளை இன்னொரு முறை அந்தக் கதவுக்குள் போவதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்கு என் காதின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. காது மெஷின் விற்கிற கடைக்காரனுக்கே காது போய்விட்டால் ஊர் சிரிக்குமே என்று, கடையிலிருந்து கொண்டு வந்த ஒன்றை மாட்டிக்கொண்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்து முழுச் சத்தத்தில் வைத்தேன். எறும்பு நடந்தால் கேட்கும் என்று வாடிக்கையாளர்களிடம் அளப்பேன் அல்லவா, அந்த மெஷின். என் சட்டை உரசுவது கேட்டது. என் எச்சில் இறங்குவது கேட்டது. ஆனால் தலைக்கு மேல் சுற்றுகிற ஃபேன் கேட்கவில்லை, ஃபிரிட்ஜ் கேட்கவில்லை, ஜன்னலுக்கு வெளியே போன லாரி கேட்கவில்லை. அப்போது காதுக்குள்ளேயே யாரோ வந்து உட்கார்ந்த மாதிரி ஒரு ரகசியக் குரல். “பேசிக்கோங்க. ரெண்டு பேரும் பேசிக்கோங்க. ப்ளீஸ்.” உள் அறையிலிருந்து சுண்டு. பிறகு, “ம்... அப்படியா சொல்றீங்க?” என்றாள், யாரோ அவளுக்குப் பதில் சொன்ன மாதிரி. “முடியாதா? அப்போ கட்டிப் போட்டுடுவேன்.” நான் விழுந்தடித்துக்கொண்டு ஓடினேன். அம்மாவின் ரிப்பனை எடுத்துப் பல்லால் கடித்து இழுத்து, அந்த இரண்டு விரலையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டிருந்தாள். நுனி வெளுத்துப் போயிருந்தது. “ரெண்டும் காய் விட்டுடுச்சுப்பா. அதனாலதான் யாருமே பேச மாட்டேங்கறாங்க. நாய்கூட. நீயும் அம்மாவும்கூட” என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது மச்சான். “அதை அவிழு!” என்று நான் கத்தவும், வாசற்படியில் வந்து நின்ற உங்கள் தங்கை அதையே கத்தவும் சரியாக இருந்தது. காதில் மெஷின் இருந்ததால் அவள் குரல் என் மண்டையைப் பிளந்தது. அதைவிட இனிமையான சத்தத்தை என் ஆயுளில் கேட்டதில்லை.

ரிப்பனை இருவருமாக அவிழ்த்தோம். “தப்பு என்னோடதும்மா, விரல் ஒண்ணும் பண்ணலை. அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது” என்று குழந்தையைப் பார்த்து உங்கள் தங்கையிடம் சொன்னேன். அவளும் குழந்தையைப் பார்த்து, “சரி, விடச் சொல்லு” என்றாள். ஆனாலும் சுண்டு விரலைப் பிரிக்கவில்லை. “பிரிச்சா மறுபடியும் காய் ஆயிடும்” என்றாள். அங்கேதான் உங்கள் தங்கையின் தொழில் கை கொடுத்தது. “ரோட்ல ஒருவழிப் பாதையை ஒரே நாள்ல மாத்திப் போர்டு வெக்கறாங்க இல்ல? எல்லாரும் அதும்படி போறாங்க இல்ல? இதையும் மாத்திடலாம். இன்னைக்குலேர்ந்து பிரிச்சாதான் பழம்” என்றாள். சுண்டு யோசித்தாள். அதை மாற்றும் அதிகாரம் அம்மாவுக்கு இல்லை, தையல்காரர் மகளுக்குத்தான் உண்டு என்றாள். தெருச் சட்டமெல்லாம் அந்த முன்பல் விழுந்த பெரிய மனுஷி கையில்தான். போய்க் கூட்டி வந்தோம். அவள் கட்டிலில் ஏறி உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “சரி. இனிமே பிரிச்சா பழம், சேத்தா காய். ஆனா எல்லாருக்கும் அதுதான். பெரியவங்களுக்கும்” என்று தீர்ப்புச் சொன்னாள். சுண்டு கையைத் திறந்தாள். இறுகிப்போன விரல்களை முகத்தைச் சுளித்துக்கொண்டே மெல்ல மெல்ல அகட்டி, முதலில் எனக்கு, அடுத்து அம்மாவுக்கு நீட்டினாள். சமையலறையில் குழாய் சொட்டியது. எதிர்வீட்டு நாய் பாக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்துக் குரைத்தது. மேல்வீட்டு வாத்தியார் தொண்டையைக் கனைத்தார், நான் சந்தோஷத்தில் கூரையைப் பார்த்துக் கும்பிட்டேன். போன் மட்டும் இன்னும் ஊமை. ரிப்பேர்காரரிடம் கொடுத்தால் சரியாகிவிடும்.

ஆகவே, இங்கே எல்லாம் ஒழுங்காகிவிட்டது. நடந்ததெல்லாம் தற்செயல் என்பதை உங்களைப் போன்ற விவரம் தெரிந்தவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வேலையை விட்டுவிட்டு ஓடி வர வேண்டாம், பதில்கூட எழுத வேண்டாம். அக்காவுக்கு என் அன்பு. உங்கள் வீட்டில் என்றும் பேச்சும் சிரிப்பும் குறையாதிருக்கட்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உங்கள் தங்கையின் கணவன்.

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும் நேரத்தில் சுண்டு வந்து, “அப்பா, மாமா காய் விட்டுட்டாரு” என்றாள். கூடத்தில் மாட்டியிருக்கிற படத்தில் நீங்கள் காரிலிருந்து எங்களுக்கு டாட்டா காட்டுகிறீர்கள். உள்ளங்கை விரிந்திருக்கிறது, விரல்கள் ஒட்டியிருக்கின்றன. நான் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் போன் தானாகச் சரியாகிவிட்டது. பால்காரரைக் கூப்பிட்டால் பேசுகிறார், டாக்டரைக் கூப்பிட்டால் பேசுகிறார். உங்கள் எண்ணுக்குப் போட்டால் யாரோ எடுக்கிறீர்கள், மூச்சு கேட்கிறது, பேச்சில்லை. உங்கள் தங்கை “அண்ணா, அண்ணா” என்று கத்தி ஓய்ந்துவிட்டாள். மேலே ‘தற்செயல்’ என்று வருகிற இடத்தையெல்லாம் தயவுசெய்து அடித்துவிட்டுப் படியுங்கள். கடிதம் கிடைத்த நொடியே கையை எடுத்து, ஐந்து விரலையும் நன்றாக அகட்டி எங்கள் ஊர் இருக்கும் திசையில் நீட்டுங்கள். யார் பார்த்தாலும் பரவாயில்லை. சுண்டு உங்கள் படத்துக்கு முன்னால் நாற்காலி போட்டு ஏறி, விரல்களைப் பிரித்து நீட்டியபடி நிற்கிறாள். டாக்டர் கேட்டதைவிட அதிகமாகவே அகட்டியிருக்கிறாள். கை வலிக்கிறது என்று அழுகிறாள். இறக்கச் சொன்னால், மாமா பேசட்டும் என்கிறாள்.