வாலறுந்தானுக்கு வழித்துணை

நாயின் ரத்தத்தில் ஒரு குறையும் இல்லை என்று முடிவு வந்துவிட்டது. சேவியருக்குத்தான் சர்க்கரை இருப்பதாக வந்தது.

இருவருக்கும் ஒரே வாரத்தில்தான் ரத்தம் எடுத்தார்கள். நாய் ஜெர்மனிக்குள் நுழைய வேண்டுமென்றால் அந்த நாட்டுச் சட்டப்படி பரிசோதனை உண்டு. நாய்க்குத் துணையாகப் போகிற சேவியருக்கு இன்ஷூரன்ஸ்காரர்கள் கேட்டிருந்தார்கள். நாய் முதல் தடவையிலேயே தேறிவிட்டது. ஊசிகள் போட்டாயிற்று, கழுத்துத் தோலுக்கடியில் அரிசி அளவில் ஒரு சில்லு வைத்தாயிற்று, போட்டோ ஒட்டிய நீலப் புத்தகம்கூட வந்துவிட்டது. சேவியரின் பாஸ்போர்ட்டுக்கு மட்டும் போலீஸ்காரர் இன்னும் விசாரிக்க வந்துகொண்டிருந்தார்.

"நாய்க்கு இருக்குற மரியாதகூட எனக்கு இல்ல" என்றார் சேவியர், காலையில் குடித்துக்கொண்டிருந்த சர்க்கரை போட்ட காபியைக் கீழே வைத்துவிட்டு. அவர் மனைவி இஞ்ஞாசியம்மாள் அந்தக் காபியை எடுத்துத் தானே குடித்தாள்.

நத்தம் சாலையில் எல்கே என்ற ஜெர்மன்காரம்மா ஒரு தோட்டத்தை வாடகைக்கு எடுத்து, அடிபட்ட தெருநாய்களை வைத்துப் பராமரித்து வந்தார். புண் ஆறியதும் அவற்றுக்குத் தன் நாட்டில் வீடு பார்த்து அனுப்புவார். திண்டுக்கல்லில் பெண்ணைப் பெற்றவர்கள்கூட அவ்வளவு விசாரிக்க மாட்டார்கள். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், தோட்டம் உண்டா, யாராவது கோபக்காரர்களா என்று கேட்டு, திருப்தியானால்தான் நாயைக் கொடுப்பார். அனுப்பும்போது துணைக்கு ஒரு பயணி வேண்டும். அவருடைய சாமான் கணக்கில் நாயும் போய்விடும்.

இந்த விஷயத்தை சேவியருக்குச் சொன்னவன் எல்கேயிடம் வேன் ஓட்டும் பேகம்பூர் அயாஸ். வேனோட்டுவதோடு எல்கேயின் ஆங்கிலத்தைத் தமிழாக்கிச் சொல்லும் வேலையும் அவனுடையதுதான். டீக்கடையில் அவன் பேச்சுவாக்கில், வாலறுந்தான் ஹாம்பர்க் போகப்போகுது, துணைக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை என்று சொன்னதும் சேவியர் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டார்.

ஹாம்பர்க்கில்தான் அவருடைய ஒரே மகன் ஆனந்த்ராஜ் இருக்கிறான். கம்ப்யூட்டர் வேலை. போய் நாலு வருடம் ஆகிறது, ஊர்ப்பக்கம் தலைகாட்டவில்லை. கல்யாணப் பேச்சை எடுத்தால் போன் கரகரக்க ஆரம்பித்துவிடும். நிலக்கோட்டைப் பூ வியாபாரி ஒருவரின் மகள் ஆனந்தமேரியைப் பேசி முடித்து, சேவியர் வாக்கும் கொடுத்துவிட்டார். நேரில் போய் மகனைப் பிடித்து உட்கார வைத்துச் சம்மதம் வாங்கினால் உண்டு. இல்லாவிட்டால் அந்தப் பூ வியாபாரி முகத்தில் விழிக்க முடியாது. மகளுக்கு வந்த இரண்டு வரன்களைத் தட்டிவிட்டுக் காத்திருக்கிறார் மனுஷன்.

ஆனால் தெருவில் சேவியர் சொல்லி வைத்திருந்த கதையே வேறு. மகன் தினமும் அழைக்கிறான், டிக்கெட் எடுத்து அனுப்புகிறேன் என்று கெஞ்சுகிறான், அந்தக் குளிருக்கு யார் போவது என்று தான்தான் பிடிகொடுக்கவில்லை என்பார். இப்போது நாயையும் அதோடு சேர்த்துக்கொண்டார். ஒரு வாயில்லா ஜீவனுக்காகத்தான் சம்மதித்தேன் என்றார்.

வாலறுந்தான் அவர் தெரு நாய்தான். லாரியில் மாட்டி வாலைப் பறிகொடுத்தது. அதைப் பிடித்துப் போகச் சொல்லி நகராட்சிக்குப் போன மனுவில் முதல் கையெழுத்து சேவியருடையது. எல்கேயிடம் போய் நின்றபோது அதையெல்லாம் மறந்துவிட்டு, ரயில்வேயில் முப்பது வருடம் பார்சல் கிளார்க்காக இருந்தவன், கார்டு பெட்டியில் ஆயிரம் நாயை ஏற்றி அனுப்பியவன், நாய் அனுப்புவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்றார். எல்கேக்கு மிகவும் பிடித்துவிட்டது.

சென்னையில் விசா கேட்கப் போனபோதுதான் முதல் இடி விழுந்தது. அங்கே உங்களை அழைப்பது யார், தங்குவது எங்கே என்று கேட்டார்கள். நாயை அழைத்திருக்கிறார்கள், நான் நாயோடு போகிறேன் என்றார் சேவியர். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் நாயின் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, இதில் எல்லாம் சரியாக இருக்கிறது, உங்களுடையதில்தான் ஒன்றுமில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வெளியே வந்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து மகனுக்குப் போன் போட்டார். இரண்டு நாள் போட்டும் கிடைக்காமல், சென்னையிலேயே தங்கி மூன்றாம் நாள்தான் பிடித்தார். நாய் சமாச்சாரத்தைச் சொல்ல வெட்கமாக இருந்தது. சும்மா பார்க்க வரலாமென்று இருக்கிறேன், ஒரு அழைப்பு மட்டும் எழுதி அனுப்பு என்றார்.

"அப்பா, இங்க ஒத்த ரூமுப்பா. அதுலயும் ரெண்டு பேரு கெடக்கோம். கால நீட்டிப் படுக்க எடமில்ல."

"நான் ஒரு மூலையில சுருண்டுக்குவேன்டா."

"குளிரு வேற, ஒங்களுக்கு ஒத்துக்காது. அடுத்த வருசம் பாப்போம். ஆபீஸ் நேரம்ப்பா, வைக்கிறேன்."

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. பிள்ளை ஞாயிற்றுக்கிழமைகூட உழைக்கிறானே என்று சேவியருக்கு நெஞ்சு கரைந்தது.

ஊர் திரும்பினால் தெருவே வழியனுப்பத் தயாராக இருந்தது. ஒரு வீட்டிலிருந்து பருப்புப்பொடி, ஒரு வீட்டிலிருந்து மாங்காய் ஊறுகாய், கொடைக்கானலில் வாங்கிய குரங்குக் குல்லா ஒன்று. விசா கிடைக்கவில்லை என்று சொல்ல சேவியருக்கு வாய் வரவில்லை. எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

அந்த ஊறுகாய் ஜாடியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் அவருக்கு யோசனை உதித்தது. மகன் அழைக்காவிட்டால் என்ன? நாயை எடுத்துக்கொள்கிற வீட்டார் அழைக்கலாமே. நாய்க்கு இவர் இல்லாமல் முடியாது என்று ஆகிவிட்டால் அழைத்துத்தானே தீர வேண்டும்.

மறுநாளிலிருந்து விடிந்ததும் விடியாததுமாக நத்தம் சாலைக்குப் போய், வேலிக்கு வெளியே நின்று வாலறுந்தானுக்கு ஆட்டுக்கறியும் எலும்புமாகப் போட்டார். வயிறு முட்டத் தின்ற நாய், எல்கே வைத்த சோற்றை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. பிற்பகலில் சேவியர் தற்செயலாக வருவதுபோல் வந்து, அதே சோற்றுக்குள் ஒரு கறித்துண்டைச் செருகி நீட்டுவார். நாய் தட்டோடு நக்கிவிடும். எல்கேயின் கண்ணில் நீர் வந்துவிட்டது.

இதில் ஒரே ஒரு சிக்கல், நாய்க்கு இது நாடகம் என்று தெரியாது. நாலாவது நாளே அது உண்மையாகவே சோற்றைத் தொட மறுத்தது. சேவியர் கிளம்பினால் வேலியைப் பிறாண்டியது. பிரிவுத்துயர் என்று எல்கே முடிவுகட்டி, பயணம்வரை நாய் சேவியர் வீட்டிலேயே இருக்கட்டும் என்று வேனில் ஏற்றி அனுப்பிவிட்டார்.

இஞ்ஞாசியம்மாள் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "சக்கர வந்த மனுசன்னு ஒங்களுக்குக் கறி எடுக்குறத நிப்பாட்டுனேன். இப்ப நாய்க்குத் தெனம் கறி, ஒங்களுக்குப் பாவக்கா வெஞ்சனமா?"

அப்படித்தான் நடந்தது. அவர் பாகற்காயைத் தின்ன, நாய் பெருத்தது. விமானத்துக்கென்று ஆசாரியிடம் சொல்லிச் செய்த மரப்பெட்டிக்குள் பின்பாதி நுழையவில்லை. நாய் டாக்டர் அதைத் தினமும் நடத்தச் சொன்னார். சர்க்கரைக்காரர்தானே, நீங்களும் நடங்கள் என்றும் சொன்னார். நாகல்நகரிலிருந்து பஸ் ஸ்டாண்டுவரை நாய் சேவியரை இழுத்துக்கொண்டு போனது. யார் யாரை நடத்துகிறார்கள் என்று பார்த்தவர்களுக்குச் சந்தேகமாக இருந்தது. ஞாயிறு பூசைக்குப் போனால் பின்னாலேயே வந்து, நன்மை அப்பம் வாங்கும் வரிசையில் அவருக்கு அடுத்த ஆளாக நின்றது. பாதிரியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கடைசியில் எல்கே அயாஸ் மூலம் சொல்லியனுப்பினார். இந்த நாய் பிரிவைத் தாங்காது, இதை இங்கேயே விட்டுவிட்டு வேறு நாயை, வேறு ஆளோடு அனுப்பலாம் என்று யோசிக்கிறேன்.

ஆனந்தமேரியின் அப்பா நேற்றுத்தான் போன் செய்து, எப்போது கிளம்புகிறீர்கள் சம்பந்தி என்று கேட்டிருந்தார். சேவியர் நேராக நத்தம் சாலைக்கு ஓடி, ஹாம்பர்க்கில் நாயை எடுக்கப்போகிற வீட்டம்மாவிடமே, நாய் பழகும்வரை பார்த்துக்கொள்ள ஒரு ஆள் கூட வரலாமா என்று கேட்டு, அழைப்பு எழுதச் சொல்லுங்கள் என்று மன்றாடினார். மகன் வீட்டில் தங்கலாமே என்று எல்கே கேட்டதற்கு, அவன் ஊர் ஊராகச் சுற்றுகிற வேலையில் இருக்கிறான் என்று வாய்கூசாமல் சொன்னார். வெளியே வந்ததும் அயாஸின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என் பேரு ஊரெல்லாம் போட வேணாம்ப்பா. நாயப் பாத்துக்குற பெரியவருன்னு மட்டும் எழுதச் சொல்லு."

நாய்க்கு ஆளாக வந்தார் என்று மகன் காதுக்குப் போய்விடக் கூடாதல்லவா?

பதில் வரும்வரை அயாஸ் அந்த வீட்டைப் பற்றி அவ்வப்போது சேதி கொண்டுவந்தான். எல்கே போட்டோவில் பார்த்தாராம். பெரிய வீடு. முன்னால் புல்தரை, பின்னால் ஆப்பிள் மரம். மாடியில் மூன்று அறை. கீழே நாய்க்கென்று தனியறை, குளிருக்குச் சூடு வருகிற தரை, மெத்தை. இப்போதே மேல்சட்டை பின்னி வைத்திருக்கிறாளாம் அந்த அம்மா.

இஞ்ஞாசியம்மாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"நாய்க்குத் தனி ரூமா? எம்புள்ள அதே ஊர்லதான் ஒத்த ரூமுக்குள்ள ஒடுங்கிக் கெடக்கான். இந்தாருங்க, நீங்க போனதும் அந்தம்மாகிட்ட சொல்லி, மாடியில ஒரு ரூம நம்ம பயலுக்கு வாடகைக்குக் கேளுங்க."

சேவியருக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது. நாயைக் கூப்பிட்டு, அண்ணனை நல்லபடியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று புத்திமதியும் சொன்னார். நாய் ஏப்பம் விட்டது.

அந்த வீட்டம்மா மனமிளகிவிட்டாள், அழைப்பு அநேகமாக வந்துவிடும் என்று எல்கே சொன்னதும் சேவியர் பொறுக்கவில்லை. அழைப்பு வந்த கையோடு வேனிலேயே சென்னை போய், விசாவை வாங்கி, அப்படியே விமானம் ஏறிவிடுவது என்று திட்டம் போட்டார். விசா என்ற வார்த்தையை மட்டும் விட்டுவிட்டு மீதித் திட்டத்தைத் தெருவுக்கு அறிவித்தார்.

நாயை விமானம் ஏற்றக் குறித்த நாள் காலையில் வாசலில் கூட்டம். நிலக்கோட்டையிலிருந்து பூ வியாபாரி தானே வந்து, கூடை நிறைய மல்லிகையும் ஆனந்தமேரியின் புதிய போட்டோவும் கொண்டுவந்திருந்தார். மாலை சேவியருக்கு ஒன்று, நாய்க்கு ஒன்று. சித்திரை வெயிலில் சேவியர் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, குரங்குக் குல்லாவைக் கையில் பிடித்தபடி நின்றார். வியர்வை மாலையை நனைத்தது. மாப்பிள்ளை ரொம்பக் கூச்ச சுபாவமோ என்று பூ வியாபாரி மெதுவாகக் கேட்டார். தங்கம், நான் கிழித்த கோட்டைத் தாண்ட மாட்டான் என்றார் சேவியர்.

வேன் வந்து நின்றது. அயாஸ் இறங்கினான். எப்போதும் சிரித்த முகமாக வருகிறவன் இன்றைக்குத் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். நாயை மட்டும் ஏற்றிக்கொண்டு வர எல்கே சொன்னதாகவும், கொடைக்கானலிலிருந்து ஊர் திரும்பும் ஒரு வெள்ளைக்காரர் துணைக்குப் போகிறாரென்றும் மெல்லச் சொன்னான். கதவைத் திறந்ததும் வாலறுந்தான் மாலையோடு தாவி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டது. பிறாண்டவுமில்லை, திரும்பிப் பார்க்கவுமில்லை.

சேவியர் வேன் கதவைப் பிடித்துக்கொண்டார். பின்னால் தெரு முழுக்க நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

"அந்தம்மா சரின்னு சொன்னாங்கன்னு சொன்னியேப்பா."

அயாஸ் பெரியவர் மனம் நோகக் கூடாதே என்று அருகில் வந்து ஆறுதலாகத்தான் சொன்னான்.

"அந்தம்மாவுக்கு முழுச் சம்மதந்தான் ஐயா, அவங்க வீட்டுக்காரருதான் முடியவே முடியாதுன்னுட்டாராம், அவரும் நம்ம திண்டுக்கல்லுக்காரருதானாம், 'எங்கப்பாவுக்கே ஒத்த ரூமுன்னு சொல்லி நாலு வருசமா வரவிடாம வச்சிருக்கேன், நாய் கூட வர்ற ஆளுக்கு எங்க போயி எடம் குடுக்க'ன்னு கேட்டாராம்."