பால்மரத்து அம்மன் கோயிலின் சைவ மேளம்

மனித இனம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தை. அதன்பின் நெடுங்காலம் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் நடக்கவில்லை. ஜொகூர் மாநிலத்தில், சிம்பாங் ரெங்கத்துக்கு வெளியே, செம்பனைக் காட்டை ஒட்டியிருக்கும் ஸ்ரீ பால்மரத்து மாரியம்மன் ஆலயத்தில் ‘மேளத்தோல் நவீனமயமாக்கல் செயற்குழு’ அமைந்த பிறகுதான் மானுடம் மறுபடி நகரத் தொடங்கியது.

அந்தக் குழுவின் தலைவர் உலகப்பன். குளுவாங்கில் மின்சாமான் கடை வைத்திருப்பவர். ஆலயத்துக்கும் அவரே தலைவர். ஜொகூர் பாருவில் ஒரு ஓட்டலில் நடந்த ‘புத்தாக்கத் தலைமைத்துவம்’ பயிற்சிக்கு இரண்டு நாள் போய், சான்றிதழ் வாங்கி வந்தவர். அன்றுமுதல் அவர் கண்ணுக்குப் பழைய பொருள் எது பட்டாலும் கை பரபரக்கும். வீட்டில் ஆட்டுக்கல் தப்பித்தது, மனைவி நாச்சியம்மை ஆச்சி அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டதால்தான்.

மேளத்துக்கு அப்படி உட்கார ஆள் இல்லை.

சென்ற ஆண்டுத் திருவிழாவில் மாண்புமிகு ஒருவர் சிறப்பு விருந்தினராக வந்திருந்தார். தேர் புறப்படும் நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. கிருஷ்ணம்மாவின் உறுமி மேளக் குழு, பன்னிரண்டு பேரும், நனைந்தபடியே அடித்தார்கள். ஆட்டுத்தோல் தண்ணீர் குடித்தால் தொய்ந்துபோகும். வளைந்த குச்சியால் தேய்த்தால் அடிவயிற்றைக் கலக்கும்படி உறும வேண்டிய உறுமி, ‘புஸ்ஸ்’ என்று பெருமூச்சு விட்டது. மாண்புமிகு குனிந்து, “மேளத்துக்கு உடம்பு சரியில்லையா?” என்று மிகுந்த அக்கறையோடு விசாரித்தார்.

அந்த விசாரிப்பு உலகப்பனை ஒரு வாரம் தூங்கவிடவில்லை. எட்டாம் நாள் குழு அமைந்தது.

குழுவில் ஐந்து பேர். ஐவரில் எவரும் வாழ்நாளில் மேளம் தொட்டவரில்லை என்பது அதன் நடுநிலைமைக்குச் சான்று. ஆனாலும் ‘களத் தகவல்’ வேண்டுமே என்று கிருஷ்ணம்மாவை வரச் சொன்னார்கள். அவள் செனாய் நகரில் பொட்டலம் கட்டும் பிளாஸ்டிக் தாள் செய்கிற தொழிற்சாலையில் தரக் கண்காணிப்பாளர். வாரநாளில் பிளாஸ்டிக்கைத் தட்டிப் பார்ப்பாள், ஞாயிற்றுக்கிழமை தோலைத் தட்டுவாள். நாற்பத்து மூன்று வயது. சிரிக்காமல் பேசத் தெரியாது.

ஆறு மேளங்களோடு வேனில் வந்து இறங்கியவள் கொடிமரத்துக்கு வெளியே நின்றுகொண்டாள். மேளக்காரர்கள் மேளத்தோடு கொடிமரத்தைத் தாண்டக் கூடாது என்பது கோயில் வழக்கம். திருவிழா நாளில் வெறுங்கையோடும் தாண்டக் கூடாது. தோலைத் தொட்ட கை என்பார்கள். எனவே குழு மண்டபத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தது, கிருஷ்ணம்மா வெயிலில் நின்றாள், கூட்டம் இருபதடித் தூரத்தில் இரு தரப்பும் கத்தியபடி இனிதே தொடங்கியது.

“செயற்கைத் தோலு ஒண்ணும் புதுசு இல்ல தலைவரே!” என்று கிருஷ்ணம்மா கூவினாள். “வெள்ளக்காரன் ஊர்ல எழுபது வருசம் ஆச்சு. அவனும் கன்னுக்குட்டித் தோலுதான் வச்சிருந்தான். மழ பேஞ்சா தொங்கிரும், வெயில் அடிச்சா வெடிச்சிரும். அப்பறம் பாலியெஸ்டர் தாளு வந்துச்சு. நான் பேக்டரில பாக்குறேனே, அதே சாதி!”

“சாதி” என்ற சொல் மண்டபத்தில் விழுந்ததும் செயலாளர் அழகு தலைதூக்கிப் பார்த்தார். தாளின் சாதி என்று தெரிந்ததும் மறுபடி குனிந்து எழுதினார்.

முதல் மேளத்தை அவள் தட்டினாள். ‘டங்’ என்றது. “இது ஒத்த அடுக்கு. சத்தம் கணீர்னு வரும். ரொம்ப அடிச்சா குழி விழும்.” அடுத்தது ‘டும்’ என்றது. “இது ரெட்ட அடுக்கு. தாங்கும்.” மூன்றாவது ‘தொம்’ என்றது. “இதுவும் ரெண்டு அடுக்குதான், நடுவுல எண்ணெ விட்டிருக்கான்.”

உலகப்பன் கையை உயர்த்தினார். “என்ன எண்ணெய்? விளக்குக்கு ஊற்றுவதா?”

“அது தெரியாது லா. வெள்ளக்காரன் எண்ணெ.”

‘எண்ணெயின் மதம் தெரியவில்லை’ என்று அழகு குறித்துக்கொண்டார். அந்த வகை நிராகரிக்கப்பட்டது.

நான்காவது மேளத்தின் நடுவில் கறுப்பாக ஒரு வட்டம் ஒட்டியிருந்தது. குச்சி படுகிற இடம் தேயாமல் இருக்க என்றாள். “பொட்டு வைத்திருக்கிறது. மங்களகரம்” என்றார் உலகப்பன். ஐந்தாவது, துப்பாக்கிக் குண்டு துளைக்காத சட்டைக்குப் போடுகிற இழையால் நெய்தது. பொதுக்கூட்டங்களில் இதன் பயன் பற்றி உறுப்பினர்கள் கால் மணி நேரம் விவாதித்தார்கள்.

“எல்லாம் சரிதான்” என்றாள் கிருஷ்ணம்மா. “ஆனா உறுமி உறுமணும்ல? வழுவழுன்னு இருந்தா குச்சி வழுக்கிட்டுப் போயிரும்.” அவள் ஒற்றை அடுக்கில் குச்சியைத் தேய்த்துக் காட்டினாள். பூனை கண்ணாடியைப் பிறாண்டுவது போல் ஒரு சத்தம் வந்தது. பிறகு ஆறாவது மேளத்தை எடுத்தாள். மேலே சொரசொரப்பாக வெள்ளைப் பூச்சு. குச்சியை வைத்து அழுத்தி இழுத்தாள்.

உறுமி உறுமியது. செம்பனைக் காட்டிலிருந்து இரண்டு கொக்குகள் பறந்தன. உலகப்பனின் வலது கால் வேட்டிக்குள் தானாகத் தாளம் போட்டது. அவர் அதை இடது காலால் மிதித்து அடக்கினார். தலைவர்களுக்கு இப்படியான சோதனைகள் வருவதுண்டு.

“வெள்ளையாக இருக்கிறதே, அது என்ன?”

“பூச்சு தலைவரே. பெயிண்டு மாதிரி.”

“திருநீறு பூசிய தோல்!” என்று உலகப்பன் எழுந்து நின்றார். புத்தாக்கம் அவரை வந்து பிடித்துக்கொண்ட கணம் அதுதான். “ஆடு இல்லை, மாடு இல்லை, உயிர்க்கொலை இல்லை. எழுதுங்கள் அழகு. இது சைவ மேளம்!”

மறுவாரமே பதாகை தொங்கியது: ‘ஜொகூரின் முதல் சைவ மேளம்’. பதாகையில் உலகப்பன் ஆள் உயரத்துக்குக் கைகூப்பி நின்றார். மேளம் அவர் முழங்கால் உயரத்துக்கு இருந்தது. சைவ உணவகங்களிலிருந்து வாழ்த்துகள் வந்தன. ‘தோல் இல்லையேல் தோல்வியில்லை’ என்ற முழக்கத்தை உலகப்பனே இயற்றினார். கிருஷ்ணம்மா பன்னிரண்டு மேளத்துக்கும் வெள்ளைப் பூச்சுத் தோல் மாட்டி முடித்தாள். அவளுக்கும் மகிழ்ச்சிதான். இனி மழைக்குப் பயந்து மேளத்தைக் குழந்தை மாதிரி துண்டில் பொதிந்து தூக்க வேண்டாம்.

அந்த மகிழ்ச்சியில்தான் அவள் ஒரு கேள்வி கேட்டாள். குற்றம் சொல்லும் நோக்கம் எதுவும் இல்லை. மேளத்தைக் காட்ட வந்தவள், கொடிமரத்தருகே நின்று, சிரித்துக்கொண்டே கேட்டாள்.

“தலைவரே, இப்பத்தான் தோலே இல்லையே. இந்த வருசம் நாங்க உள்ள வந்து, அம்மன் மொகத்தப் பாத்து அடிக்கலாம்ல?”

அழகு பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

“அது…” என்றார் உலகப்பன். “அது ஆராயப்பட வேண்டும்.”

“உள்ள தவில் வாசிக்கிறாங்களே, அது தோலுதானே?”

“அது வித்துவான் தோல். உள்ளே இருந்து பழகியது.”

“எங்க மேளமும் ரெண்டு வருசத்துல பழகிரும், தலைவரே.”

அன்று மாலையே துணைக்குழு கூடியது. நீண்ட ஆய்வுக்குப் பின் அது ஒரு தொழில்நுட்பக் காரணத்தைக் கண்டெடுத்தது: உறுமியின் ஒலி மண்டபத்துக்கு அதிகம். கண்ணாடி விளக்குகள் அதிரும். முதியோர் நலன் பாதிக்கப்படும். உலகப்பன் இதைக் கடிதமாகத் தட்டச்சு செய்து, முத்திரை குத்தி அனுப்பினார். அன்றிரவு நிம்மதியாகச் சாப்பிட்டார். நாச்சியம்மை மட்டும், “போன மாசம் நம்ம வீட்டுக் கல்யாணத்துல இதே மண்டபத்துக்குள்ள அத்தன பெரிய ஸ்பீக்கர் வச்சிங்களே, முதியோர் யாரும் சாகலையே?” என்றாள். அவர் மோர் கேட்டார்.

செயற்கைத் தோலின் பெருமை என்னவென்றால், அதில் எல்லாவற்றுக்கும் ஒரு வகை இருக்கிறது. அடுத்த ஞாயிறு கிருஷ்ணம்மா ஒரு மேளத்தோடு வந்தாள். அதில் கொசுவலை போல ஒன்று இழுத்துக் கட்டப்பட்டிருந்தது.

“இது வலத்தோலு. அடுக்குமாடி வீட்ல இருக்குறவங்க பக்கத்து வீட்டுக்காரன் சண்டைக்கு வராம பழகுறதுக்குச் செஞ்சது. அடிச்சுப் பாருங்க.”

உலகப்பன் கொடிமரத்தைத் தாண்டி வந்து ஓங்கி அடித்தார். ‘ஸ்’ என்றது. மறுபடி அடித்தார். கையில் துள்ளியது, காதில் ஒன்றுமில்லை. உறுப்பினர்கள் கைதட்டினார்கள். கைதட்டல்தான் அன்று கேட்ட பெரிய சத்தம்.

“கருவறைப் பக்கம் இத அடிக்கிறோம். தேர் வெளிய வந்ததும் பூச்சுத்தோலுக்கு மாறிக்கிறோம். விளக்கு அதிராது, பெரியவங்களுக்கும் தொந்தரவு இல்ல. சரிதானே?”

உலகப்பன் அழகைப் பார்த்தார். அழகு கோப்பைப் புரட்டினார். முன்பக்கம், பின்பக்கம், அட்டையின் உட்பக்கம். பிறகு தலைவரின் காதருகே குனிந்து, “காரணம் தீர்ந்துபோச்சுங்க” என்றார்.

உலகப்பன் கெட்டவர் அல்லர். அந்த வார இறுதிவரை அவர் உண்மையாகவே தவித்தார். தமக்கு இதில் ஒரு மறுப்பும் இல்லை என்று தோன்றியது. ஆனால் ‘மற்றவர்கள்’ என்ன நினைப்பார்கள்? மற்றவர்களைத் தனித்தனியே கேட்டார். அவர்களுக்கும் மறுப்பில்லையாம், ‘மற்றவர்கள்’ என்ன நினைப்பார்களோ என்றுதான் யோசித்தார்கள். இப்படி யாருக்கும் சொந்தமில்லாத ஒரு மறுப்பு ஊரெங்கும் நடமாடிக்கொண்டிருந்தது. குழு அதற்குத் தலைவணங்கி, வரலாற்றுச் சிறப்புமிக்க அந்த முடிவை எடுத்துக் கிருஷ்ணம்மாவுக்குக் கடிதம் அனுப்பியது: ‘சைவ மேளம் கொடிமரத்தைத் தாண்டி உள்ளே வர அனுமதிக்கப்படுகிறது.’

திருவிழா அன்று காலை வானம் பளிச்சென்று இருந்தது. உலகப்பன் பட்டு வேட்டி கட்டி, வெள்ளைப் பூச்சு மேளத்துக்கு மாலை போட்டு, தாமே இரு கையாலும் ஏந்தி உள்ளே கொண்டுபோனார். அம்மனுக்கு எதிரே வாழையிலை விரித்து அதை வைத்தார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

கிருஷ்ணம்மா பின்னாலேயே காலெடுத்து வைத்தாள். அழகு குறுக்கே வந்தார்.

“நீங்க எங்க போறீங்க?”

“மேளம் அடிக்கத்தான்.”

“அனுமதி மேளத்துக்கு. கடிதத்தைப் படிக்கலையா?”

கிருஷ்ணம்மா அவரைப் பார்த்தாள், உள்ளே இலைமேல் உட்கார்ந்திருக்கும் மேளத்தைப் பார்த்தாள். முதன்முறையாக அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. ஒரு கணம்தான். “அலமாக்! அட கடவுளே!” என்றாள். “அப்ப யாரு அடிக்கிறது? ரிமோட்டா?”

உள்ளே பூசாரி தீபாராதனைத் தட்டோடு காத்துக்கொண்டிருந்தார். நாதஸ்வரக் குழுவினர் ஒருவரையொருவர் பார்த்தார்கள். உலகப்பன் குனிந்து, ஒரு விரலால் மேளத்தைத் தட்டினார். ‘டொக்’ என்றது. அம்மன் காத்திருந்தாள். இன்னொரு முறை தட்டினார். ‘டொக்.’

அப்போது வெளியே உறுமி உறுமியது.

மீதிப் பதினொரு மேளமும் அவர்களிடம்தானே இருந்தன. கிருஷ்ணம்மா பக்கத்தில் நின்றவரின் உறுமியை வாங்கித் தோளில் மாட்டியிருந்தாள். பன்னிரண்டு பேரும் செம்மண் தரையில் வட்டம் கட்டினார்கள். அவர்கள் குழுவின் தவில்களும் பம்பைகளும் சேர்ந்து எழுந்தன. வாசலோரம் நின்றவர்கள் முதலில் திரும்பினார்கள், பிறகு நடு மண்டபம் திரும்பியது. ஒரு பெண் சாமி வந்து ஓடினாள். நாச்சியம்மை ஆச்சி பூத்தட்டை எடுத்துக்கொண்டு, கணவரைத் திரும்பிப் பாராமல் படியிறங்கினாள். பூசாரியும் தீபம் அணையாமல் கையால் மறைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மண்டபத்தில் ஐவர் குழுவும் ஒரு மேளமும் மிஞ்சின. உலகப்பன் மெல்ல நடந்து கொடிமரம்வரை வந்தார். அதற்குமேல் போகவில்லை. வலது கால் தாளம் போட்டது. இந்தமுறை மிதிக்கவும் தோன்றவில்லை.

திருவிழா மாபெரும் வெற்றி என்று அறிக்கை தயாரானது. அதில் ஒரே ஒரு குறை. பயிற்சியில் கற்றபடி, பயனாளரின் கருத்தைக் கேட்காத புத்தாக்கம் முழுமை பெறாது. எனவே உலகப்பன் கேள்விப் படிவம் ஒன்று அச்சடித்துக் கிருஷ்ணம்மாவுக்கு அனுப்பினார். மூன்றாம் நாள் அது கடைக்குத் திரும்பி வந்தது. கல்லாவில் உட்கார்ந்து ஆவலோடு படித்தார். ‘மழையில் தொய்கிறதா?’ இல்லை. ‘வெயிலில் வெடிக்கிறதா?’ இல்லை. ‘ஒலி திருப்தியா?’ மிகத் திருப்தி. ஒவ்வொன்றாகப் படிக்கப் படிக்க அவர் நெஞ்சு நிமிர்ந்தது.

கடைசிக் கேள்வி: ‘மேலும் ஏதேனும் மாற்றம் தேவையா?’

அதற்குக் கீழே, தரக் கண்காணிப்பாளரின் சீரான கையெழுத்தில் எழுதியிருந்தது:

‘மேளம் உள்ள வர்றதுக்கு அதோட தோல உரிச்சு மாத்துனோம். நாங்க உள்ள வரணும்னா எதை உரிக்கணும்னு தலைவர் எழுதி அனுப்பவும்.’