பதினோரு மணிக்குக் குப்புறப் படுக்கணும்

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒன்னே ஒன்னு. காலையில பதினோரு மணிக்குப் பத்து நிமிசம் குப்புறப் படுக்கணும். அம்புட்டுதான்.

இதைக்கூட ஒழுங்காச் செய்யத் தெரியாதவன் ஒருத்தன் இருப்பானான்னு கேப்பீக. இருக்கேன்.

நான் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனில போர்மேன். ஆறு மாசமா ஒரு வலி. இடுப்புல ஆரம்பிச்சு, தொடை வழியா இறங்கி, கெண்டைக்கால் வரைக்கும் சுர்ருன்னு போகும். திரி பத்துற மாதிரியேதான். என்ன, கடைசில வெடிக்காது. மறுபடி மேல இருந்து ஆரம்பிக்கும்.

தைலம் தேய்ச்சாச்சு. ஒத்தடம் குடுத்தாச்சு. என் வீட்டுக்காரி சுளுக்கு எடுக்குறவர்கிட்ட கூட்டிட்டுப் போனா. அவரு முதுகுல ஏறி மிதிச்சதுல, அதுவரைக்கும் வலிக்காத இடமெல்லாம் சேந்து வலிக்க ஆரம்பிச்சிருச்சு.

கடைசியில எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பாத்தாரு. "நரம்பு அமுங்கிருக்கு. பிசியோதெரபி பண்ணிப் பாப்போம். சரிப்படலேன்னா மதுரைக்கு எழுதித் தர்றேன். ஆபரேசன்தான்"னாரு.

இருவது வருசமா வெடிமருந்துக்கு நடுவுல நிக்கிறவன் நான். ஆனா ஊசின்னா கண்ணை இறுக்க மூடிக்குவேன். கத்தின்னா கேக்கவா வேணும்! ரெண்டு நாளைக்குச் சோறு இறங்கல.

சிவகாசில பிசியோதெரபி பாக்குற பிள்ளைக்கு என் மக வயசுதான் இருக்கும். சிரிக்கவே சிரிக்காது.

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா குப்புறப் படுக்கணும். கையை ஊனி நெஞ்சை மட்டும் தூக்கணும். இடுப்பு தரையை விட்டு எந்திரிக்கக் கூடாது. தூக்கிப் பத்து எண்ணிட்டு இறக்கணும். இப்படிப் பத்துத் தடவை."

"சரி தாயி."

"பத்துல இருந்து தலைகீழா எண்ணுங்க. நேரா எண்ணச் சொன்னா எல்லாரும் ஒன்னு, ரெண்டு, பத்துன்னு ஓட்டிருவாக."

எப்படித் தெரியும்னு நான் கேக்கல. அந்த நிமிசம் அதைத்தான் பண்ணிக்கிட்டிருந்தேன்.

"பத்து நாளு. ஒரு நேரம் விட்டாலும் திரும்ப ஒன்னாம் நாள்ல இருந்துதான். அப்படியும் கேக்கலேன்னா மதுரைக்குப் போங்க."

மதுரைங்கிற பேரு கேட்டதும் எனக்குத் தன்னால முதுகு நிமிந்திருச்சு.

எட்டு நாளு ஒரு நேரம் விடல. கம்பெனில பதினோரு மணி, ஒரு மணி, மூனு மணிக்கு என் ரூம் கதவைச் சாத்திக்கிட்டுப் படுத்திருவேன். ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடல. போர்மேனுக்கு இடுப்பு போச்சுன்னு தெரிஞ்சா அப்புறம் எவன் மதிப்பான்?

ஒன்பதாம் நாள் பாத்து காலி அட்டைப்பெட்டி லோடு வந்து இறங்கிருச்சு. சீசன் நேரம். என் ரூம்ல கூரை வரைக்கும் அடுக்கிட்டாக. நிக்கவே இடமில்ல, எங்கன படுக்க?

மணி பதினொன்னு. விட்டா ஒன்னாம் நாளு. அப்புறம் மதுரை. அப்புறம் கத்தி.

கடைசி ரூமுக்குப் பின்னாடி ஒரு வேப்பமரம் நிக்கும். அங்கன யாரும் வர மாட்டாக. ஒரு காலிச் சாக்கை விரிச்சுக் குப்புறப் படுத்தேன். நெஞ்சைத் தூக்கினேன். வாய்விட்டு எண்ணாட்டி எனக்குக் கணக்குத் தப்பிரும். அதனால சத்தமாவே எண்ணினேன்.

அந்நேரம் பாத்து முத்துமாரி தண்ணி பிடிக்கக் குடத்தோட அந்தக் குறுக்கு வழியா வந்திருக்கா. சரவெடி பின்னுற செட்டுல மூத்த ஆளு. கம்பெனிச் சங்கு ரிப்பேர் ஆனா அவ குரலை வச்சே சமாளிச்சிருவோம்.

அவ என்ன பாத்தான்னு பொறவு அவளே சொன்னது: "போர்மேன் தரையோட தரையாக் கெடந்தாரு. தலையை மட்டும் தூக்கி ரூமையே பாத்தாரு. மூஞ்சி ஒரு பக்கமாக் கோணிருச்சு. மூனு... ரெண்டு... ஒன்னுன்னாரு. தொப்புன்னு மண்ணுல மூஞ்சியப் பொதைச்சுக்கிட்டாரு."

பட்டாசுக் கம்பெனில இதுக்கு வேற என்னய்யா அர்த்தம்!

எனக்குக் கேட்டது குடம் விழுந்த சத்தம். அடுத்தாப்புல அந்தக் குரல்.

"ஓடுங்கடியோவ்!"

எங்க பக்கம் ஓடுறதுக்குக் காரணம் கேக்க மாட்டாக. காரணம் கேட்டுக்கிட்டு நின்னவுக கதை எல்லா வீட்டுலயும் ஒன்னு இருக்கும்.

தலையைத் தூக்கிப் பாக்கேன், ஒவ்வொரு ரூமுலயும் நாலு வாசல் வழியாவும் ஆளுக தெறிச்சு ஓடுறாக. பின்னுன சரம் கெடந்த இடத்துலயே கெடக்கு. ஒரு செருப்பு மட்டும் தனியாக் கெடக்கு.

ஐயையோ, எந்த ரூம்னு தெரியலையே!

தினமும் படுத்து எந்திரிக்கணும்னா எனக்குச் சுவரு வேணும், முனங்கல் வேணும், முருகா வேணும். அன்னைக்கு ஒன்னும் தேவைப்படல. எந்திரிச்சது ஞாபகமில்ல. ஓடிக்கிட்டிருந்தேன்.

அவுக ஓடுறதைப் பாத்து நான் ஓடுறேன். நான் ஓடுறதைத் திரும்பிப் பாத்து அவுக இன்னும் வேகமா ஓடுறாக. போர்மேனே ஓடுறாருன்னா சும்மாவா? அவுக வேகம் கூடிருச்சு. நான் அதுக்கும் மேல வேகம் எடுத்தேன்.

கரிசக்காட்டுக்குள்ள விழுந்தோம். முள்வேலி வந்துச்சு, தாண்டினோம். பக்கத்துக் கம்பெனி ஆளுக எங்களைப் பாத்தாக. அவுகளும் எதுவும் கேக்கல. அவுக சங்கையும் ஊதி விட்டுட்டு எங்க பின்னாடியே வந்துட்டாக.

ரோட்டோரம் டீக்கடை வரைக்கும் போயித்தான் நின்னேன். திரும்பிப் பாத்தா, அம்புட்டுப் பேரும் எனக்குப் பின்னாடி தூரத்துல வந்துக்கிட்டிருக்காக.

திங்கக்கிழமைதான் பாதுகாப்பு வகுப்பு எடுத்திருந்தேன். "ஆபத்துன்னா எல்லாரும் வெளியேறுன பொறவு, கடைசியா வர்ற ஆளுதான் போர்மேன்." என் வாயால சொன்னது.

டீ மாஸ்டர் என் மூஞ்சியப் பாத்துட்டு ஒரு டீயை நீட்டினாரு. வாங்கிக் குடிச்சேன். நான் கிளாசைக் கீழ வைக்கும்போதுதான் முத்துமாரி மூச்சு வாங்க வந்து சேந்தா.

முதல்ல தலையை எண்ணினோம். எங்க ஆளுக நாப்பது பேரும் இருந்தாக. வயித்துல பாலை வாத்த மாதிரி இருந்துச்சு. அப்புறம் எல்லாரும் கம்பெனிப் பக்கமே பாத்துக்கிட்டு நின்னோம்.

அஞ்சு நிமிசம் ஆச்சு. பத்து நிமிசம் ஆச்சு. ஒரு ஓலைவெடிகூட வெடிக்கல.

பக்கத்துக் கம்பெனி போர்மேன் கேட்டாரு. "எந்த ரூம் அண்ணே?"

"தெரியல. இவுக ஓடினாக, நானும் ஓடினேன்."

"நாங்களா ஓடினோம்?" முத்துமாரி இடுப்புல கையை வச்சா. "திங்கக்கிழமை நீங்கதான் சொன்னீக! 'நான் குப்புறப் படுத்துட்டேன்னா கேள்வி கேக்காம ஓடுங்க'ன்னு. இன்னைக்குப் படுத்தீகளா இல்லையா?"

சொன்னேன். நெஞ்சைத் தட்டிக்கிட்டு வேற சொன்னேன்.

வேற வழியில்ல. ரெண்டு கம்பெனி ஆளுக முன்னாடி, நடுரோட்டுல, என் இடுப்புக் கதை முழுசையும் அவுத்து விட்டேன். எனக்கு மானமே போச்சு.

அதையும் ஒருத்தரும் நம்பல!

"படுத்துக்கிட்டே செய்ற எக்சசைஸா? எங்க, செஞ்சு காட்டுங்க."

டீக்கடைச் சாக்கை வாங்கி விரிச்சாக. படுத்தேன். சுத்தி எம்பது பேரு நின்னாக. அந்நேரம் சரியா முதலாளி காரு வந்து நின்னுச்சு. யாரோ போன் போட்டு, கம்பெனி ஆளுக எல்லாம் ரோட்டுல நிக்காகன்னு சொல்லிருக்காக. கூட்டத்தை விலக்கிட்டு வந்தவரு, நடுவுல நான் குப்புறக் கெடக்குறதைப் பாத்தாரு.

"ஏலே கருப்பசாமி! உன் பிள்ளைகளுக்கு நான் என்னலே பதில் சொல்வேன்!"

தலையில அடிச்சுக்கிட்டு அழுதாரு. நெசமான அழுகை. இருவது வருசத்துல எனக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லாத மனுசன், "தங்கமான ஆளுலே"ன்னாரு. கேக்க நல்லா இருந்துச்சு. அதனால கொஞ்ச நேரம் கூடுதலாவே கெடந்தேன்.

அப்புறம் மனசு கேக்கல. நெஞ்சைத் தூக்கி, "ஒன்னுமில்ல முதலாளி, எக்சசைஸ்தான்... ஏழு, ஆறு..."ன்னேன்.

அவரு பொத்துன்னு தரையில உக்காந்துட்டாரு. எந்திரிச்சதும் அவரு பேசுனதை இங்கன எழுத முடியாது. தங்கமான ஆளுங்கிறதை மட்டும் வாபஸ் வாங்கிட்டாரு.

சாயங்காலம் பிசியோ பிள்ளைகிட்ட போயி எல்லாத்தையும் சொன்னேன். மூஞ்சில ஒரு அசைவு இல்ல.

"எம்புட்டுத் தூரம் ஓடினீக?"

"ஒரு கிலோமீட்டர் இருக்கும் தாயி. நடுவுல ஒரு வேலி."

"கால்ல வலி இறங்குச்சா?"

அப்பத்தான் யோசிச்சேன். இறங்கவே இல்ல! காலைல இருந்து அந்த நெனப்பே இல்ல.

படுக்க வச்சு காலைத் தூக்கிப் பாத்தா, மடக்கிப் பாத்தா, முட்டியில தட்டிப் பாத்தா. "நல்ல முன்னேற்றம். இனி மதுரைப் பேச்சே வேண்டாம்"னா.

எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. அப்படியே அவ கால்ல விழுந்திருப்பேன். குனியக் கூடாதுன்னு அவதான் சொல்லிருக்கா.

"ஆனா பதினோரு மணி செட்டைப் பாதியில விட்டுட்டீகள்ல?"

"ஆமா..."

"நாளைல இருந்து ஒன்னாம் நாளு." சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டா. தோளு ரெண்டும் குலுங்குறது மட்டும் தெரிஞ்சுச்சு.

மறுநாள் கம்பெனிக்குப் போனா கேட்டுல நோட்டீஸ் தொங்குது. முதலாளி கையெழுத்தே போட்டிருக்காரு. "தினமும் 11, 1, 3 மணிக்கு போர்மேன் குப்புறப் படுப்பார். யாரும் ஓட வேண்டாம்." வேப்பமரத்தடியில சுண்ணாம்புல ஒரு கட்டம் வேற போட்டு வச்சிருக்காக. நான் படுக்குற இடமாம்.

பதினோரு மணிக்குப் போயி கட்டத்துக்குள்ள படுத்தேன். முத்துமாரி ஒடுங்குன குடத்தோட வந்து நின்னா.

"போர்மேன் அண்ணே, ஒரு சந்தேகம். நெசமாவே ஆபத்துன்னா, நாங்க எதை வச்சுக் கண்டுபிடிக்க?"

"நான் எங்கிட்டு ஓடுறேன்னு பாத்துக்கோ தாயி."

"உங்களை எங்க பாக்க? நாங்க வந்து சேர்றதுக்குள்ள நீங்க டீயே குடிச்சு முடிச்சிருவீகளே!"

நான் நெஞ்சைத் தூக்கினேன். ஒன்னு, ரெண்டு, மூனுன்னு நேராவே எண்ண ஆரம்பிச்சேன்.