அமான்குவாவின் முகம்

"எழுபத்தொண்ணு!"

"அறுபத்தொன்பது! எங்கண்ணனோட வயசு எனக்குத் தெரியாதா?"

"கூடப் படுத்து எழுந்தவ நான். கறுப்பு மைதான்!"

"சிவப்பு மைதான்! இல்லேன்னா சனிக்கிழமை பொணத்தை வீட்டைவிட்டு நகத்த விடமாட்டேன்."

குமாசியில், பாடுவின் அச்சுக் கூடத்தில் காலையிலேயே இந்தக் கூச்சல். ஒரு பக்கம் ஆன்ட்டி டுஃபி, இறந்துபோன அமான்குவாவின் மனைவி. மறுபக்கம் என்சியா, அமான்குவாவின் தம்பி, குடும்பத் தலைவர். எங்கள் ஊர் வழக்கப்படி, எழுபதைத் தாண்டி நிறைவாகப் போனவருக்கு வெள்ளையும் கறுப்பும். அதற்கு முன் போனவருக்குச் சிவப்பு. சாவுக்கு வருகிறவர்கள் போட்டுக்கொள்ளும் பனியனில் அமான்குவாவின் முகத்தை எந்த மையில் அச்சடிப்பது என்பதுதான் தகராறு. இவர்கள் இரண்டு பேரும் எலியும் பூனையும் என்பது தெரு முழுக்கத் தெரிந்த சங்கதி. வேலித் தகராறு, வாழைத்தாறு தகராறு என்று பத்து வருஷமாகத் தவறாமல் நடக்கிறது.

நடுவில் மாட்டிக்கொண்டவன் பாடு. டுஃபியின் மகள் ஃபிரேமாவைக் கட்டிக்கொள்ள ரெண்டு வருஷமாக அலைகிறவன். "பனியன் நல்லா வரட்டும், அப்புறம் கதவு தட்ட வரலாம்" என்று டுஃபி சொல்லியிருந்தாள். எங்கள் ஊரில் பெண் கேட்பதற்கு அதுதான் பெயர்.

"ஐயா, ஆன்ட்டி," என்றான் பாடு. "நாப்பது பனியனும் கறுப்புலயே அடிச்சிடறேன். ஐயாவுக்கு மட்டும் தனியா ஒண்ணே ஒண்ணு சிவப்புல. என்ன சொல்றீங்க?"

ரெண்டு பேரும் அவனை முறைத்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் முறைத்தார்கள். பிறகு "சரி" என்றுவிட்டுச் சேர்ந்தே வெளியே போனார்கள்.

"துவைச்சாலும் பத்து வருஷம் நிக்கும் ஆன்ட்டி!" என்று பாடு வாசல் வரை போய்க் கத்தினான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

முதலில் தண்ணீர் மையை எடுத்தான். துணியில் இறங்கும், மெதுவாக இருக்கும், நல்ல மைதான். ஆனால் மாதம் ஜனவரி. வடக்கிலிருந்து வரும் வறட்டுக் காற்றில் மை பனியனுக்கு வருவதற்குள், அதை வடித்து இறக்கும் சல்லடைத் துணியிலேயே காய்ந்து அடைத்துக்கொண்டது. மூன்றாவது பனியனில் அமான்குவாவுக்கு ஒரு கண் போயிற்று. ஐந்தாவதில் மூக்கு.

சல்லடையைக் கழுவிவிட்டு எண்ணெய் மைக்கு மாறினான். அது சல்லடையில் காயவே காயாது. முகங்கள் ராஜா மாதிரி விழுந்தன. சிக்கல் என்னவென்றால், அது துணியிலும் காயாது. நன்றாகச் சூடு காட்டினால்தான் பிடிக்கும். சூடு காட்டும் இயந்திரத்துக்கு மின்சாரம் வேண்டும். அன்று மத்தியானம் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது. திங்கள்கிழமைதான் சரியாகும் என்றார்கள்.

கரிப்பெட்டி இஸ்திரியால் ஒரு பனியனைத் தேய்த்துப் பார்த்தான். ஆயுளில் வைக்காத மீசை ஒன்று அமான்குவாவுக்கு முளைத்தது, கருகலாக. மீதியைத் தகரக் கூரையில் வெயிலில் பரப்பினான். சாயந்திரம் தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது.

கடைசியில் செய்ததுதான் அவன் வாழ்நாளுக்கும் வெட்கப்பட வேண்டிய காரியம். ஒரு டப்பா முகப்பவுடரை எல்லா முகத்தின் மேலும் தூவி, தட்டிவிட்டான். தொட்டால் பிள்ளைக் கன்னம் மாதிரி இருந்தது. அச்சுத் தொழில் கற்றவன், இது நிற்காது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தே, கறுப்பு நாற்பதையும் என்சியாவின் ஒரே சிவப்பையும் மடித்துக் கட்டிக் கொடுத்தான்.

சனிக்கிழமை பந்தலில் பேண்டு வாத்தியம் அலறியது. வெயில் ஏறியது. வியர்த்தது. ஜனங்கள் அழுது ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள்.

முதலில் கண்டுபிடித்தவர் உபதேசியார். "யாருய்யா இது, என் வயித்துல?"

அவருடைய வெள்ளை அங்கியில் அமான்குவா, இடவலம் மாறி, சாந்தமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரத்தில் அத்தைகளின் மார்பிலும், மாமாக்களின் முதுகிலும், பிளாஸ்டிக் நாற்காலிகளிலும் அவரே உட்கார்ந்திருந்தார். மைக் பிடித்தவன் சும்மா இருப்பானா? "ஐயா நம்மள விட்டுப் போகல! சந்தேகமிருந்தா பக்கத்துல இருக்கறவரைத் திருப்பிப் பாருங்க!"

பந்தலே சிரித்தது. சாவு வீட்டில் சிரிப்பு! பாடு தண்ணீர்ப் பொட்டலம் விற்கும் லாரிபாவின் பெட்டிக்குப் பின்னால் குந்தினான்.

"நகருப்பா, என் யாவாரத்த மறைக்காத," என்றாள் லாரிபா. "நீ பண்ண வேலைல எனக்கு ஒரு வாரத்துக்குத் துவைக்கத் துணி கெடைச்சிருச்சு. நல்லா இரு."

ஃபிரேமா தேடிக்கொண்டு வந்துவிட்டாள். "இனி உன் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்கப் போற?"

"எடமே இல்ல ஃபிரேமா. எங்க பாத்தாலும் உங்கப்பா மூஞ்சிதான்."

அவள் சிரிக்கவில்லை. "அம்மா கால்ல விழு. போ."

டுஃபி வெள்ளைக் கபாச் சட்டை உடுத்திக் காலையிலிருந்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவள். கட்டிப்பிடிக்க வந்தவர்களுக்கெல்லாம் கையை மட்டும்தான் நீட்டினாள். அவள் சுபாவம் அது. நடுவில் சமையல் கொட்டகைக்குப் பின்னால் சூப் அண்டா விஷயமாக அவளுக்கும் என்சியாவுக்கும் பெரிய சண்டை. பந்தல் வரை கேட்டது. பிறகு திடீரென்று சத்தம் நின்றது. சாவு நாளாயிற்றே, ஒரு நாளாவது மரியாதை இருக்கிறதே என்று நாங்கள் மெச்சிக்கொண்டோம்.

பாடு போனபோது அவள் உள்ளறையில், அந்தப் புழுக்கத்தில், கனத்த போர்வையைக் கழுத்து வரை சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குளிர் ஜுரமோ என்னவோ. அவன் தரையில் விழுந்தான்.

"ஆன்ட்டி, தப்புப் பண்ணிட்டேன். தெரிஞ்சே பண்ணிட்டேன். இனி உங்க மூஞ்சிலேயே முழிக்க மாட்டேன்."

டுஃபி போர்வையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். பிறகு, "இந்த மை துவைச்சாப் போகுமா?" என்றாள்.

"சோப்புக்குப் போகாது ஆன்ட்டி. மண்ணெண்ணெய் போட்டுக் கசக்கணும்."

"மண்ணெண்ணெய்," என்று முணுமுணுத்தாள். "சரி, எழுந்திரு. வர்ற ஞாயித்துக்கெழமை உங்க பெரியவங்களைக் கூட்டிட்டு ரெண்டு பாட்டில் ஜின்னோட வந்து கதவத் தட்டு. ஆனா இந்த மைப் பேச்ச இனி எவனும் எடுக்கக் கூடாது. நீயும்தான்."

பாடுவுக்குக் காதையே நம்ப முடியவில்லை. உண்மையை ஒப்புக்கொண்ட குணத்துக்குத்தான் பெண் கிடைத்தது என்று இன்றுவரை சொல்லித் திரிகிறான். சொல்லும்போதெல்லாம் தலை குனிந்துகொள்கிறான். ஈஸ்டருக்குக் கல்யாணம் நடந்தது. வருஷத் துக்கம் முடிந்ததும் டுஃபி வீட்டை மகளிடம் விட்டுவிட்டுச் சந்தை ஊரான டெச்சிமானுக்குக் குடிபோனாள். கிழங்கு வியாபாரமாம். அதே மாதம் என்சியாவும் டெச்சிமானுக்குப் போனார். அவருக்கும் கிழங்கு வியாபாரமாம். பாவம், அங்கேயும் போய்ச் சண்டை போடப் போகிறார்கள் என்று நாங்கள் எல்லோரும் வருத்தப்பட்டோம்.

அப்போதுதான் லாரிபா துணியைப் பிழிந்துகொண்டே கேட்டாள்:

"அன்னிக்கு நான் துவைச்ச துணியிலெல்லாம் கறுப்பு மூஞ்சிதான் இருந்துச்சு. அந்தம்மா கபாவுல மட்டும் ஏன் சிவப்பு?"