மச்சான் சிரித்த சிரிப்பும் கனடா எல்லையும்

மரியாதைக்குரிய மச்சான் டுவெய்ன் அவர்களுக்கு, செல்மர் எழுதுவது. நானும் உங்கள் தங்கை ஐலாவும் சௌக்கியம். நீங்கள் இரவல் கொடுத்த கேரவன் வண்டியும் ஏறக்குறைய சௌக்கியம். அந்த 'ஏறக்குறைய'வைச் சொல்லி மன்னிப்புக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

அலாஸ்காவில் மகள் கல்யாணம், கனடாவைக் கடந்துதான் போக வேண்டும், வழியெல்லாம் கரடி என்பதால் என் வேட்டைத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டது உங்களுக்குத் தெரியும். அதை முதலிலேயே சொல்லி, படிவம் நிரப்பிப் பணம் கட்டினால் கனடாக்காரர்கள் விட்டுவிடுவார்கள். கைத்துப்பாக்கிதான் ஆகவே ஆகாது. என்னுடையதை மொன்டானாவில் வீட்டிலேயே வைத்துப் பூட்டிவிட்டேன். ஆனால் சாவி கொடுக்கும்போது நீங்கள் ஒரு சிரிப்பு சிரித்து, "வேண்டியதெல்லாம் வண்டியில இருக்கு மாப்பிள்ளை" என்றீர்களே, அது தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது. நீங்க பால் வாங்கப் போனாலே கைத்துப்பாக்கிய இடுப்புல சொருகிக்கிட்டுப் போற ஆளு. எல்லைக்கு முன்னாடி பெட்ரோல் பங்க்ல வண்டிய நிறுத்தி அடுப்பு, மெத்தை, மாவு டப்பான்னு எல்லாத்தையும் துழாவினேன். ஐலா கேட்டதுக்கு உப்பு தேடுறேன்னேன். ஒண்ணும் கிடைக்கல. கிடைக்கலன்னா நல்லா ஒளிச்சு வச்சிருக்கீங்கன்னுதானே அர்த்தம்?

எல்லையில் இருந்த அதிகாரிப் பெண் அவ்வளவு மரியாதையாகப் பேசினாள். அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. வேட்டைத் துப்பாக்கிப் படிவத்தை வாங்கிக்கொண்டு, வண்டியில் இருப்பதெல்லாம் நீங்களே வைத்ததா என்று கேட்டாள். எனக்கு நாக்கு குழறிப்போச்சு.

"நான் வச்சது நான் வச்சது. மச்சான் வச்சதுக்கு நான் பொறுப்பில்லம்மா" என்றேன்.

அவ்வளவுதான். நாய் வந்தது, திருப்புளி வந்தது. கல்யாணக் கோட்டு வெளியே தரையில கிடக்குது, மான்கறி சாசேஜ் ஒவ்வொண்ணா மோப்பம் பிடிக்கிறாங்க, கூரைத் தகட்டைக் கழட்டுறாங்க, கக்கூஸ் தொட்டியையும் விடல. ஐலா பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். நம்மைப் பிடித்து வைத்தால் மகள் தனியாகத்தான் மாதா கோயிலுக்குள் நடக்க வேண்டும் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடைசியில் எதுவுமே இல்லை. அந்தப் பெண் முத்திரை குத்திய தாளைக் கொடுத்து, "அடுத்த தடவை மச்சான் இல்லாத வண்டியில வாங்க சார்" என்றாள்.

வீணாக உங்களைச் சந்தேகப்பட்டுவிட்டேன், மன்னியுங்கள். கூரைத் தகடு மட்டும் திரும்பப் பொருந்தவில்லை, மழை உள்ளே வருகிறது. சரிசெய்து தருவது என் பொறுப்பு. கர்த்தர் உங்களையும் அக்காவையும் குறைவில்லாமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
செல்மர்

பி.கு.: ஐலாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். மன்னிப்பை அடித்து நீக்கச் சொல்கிறாள். ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் உங்கள் கைத்துப்பாக்கியை டேப் போட்டு ஒட்டியிருந்தீர்களாமே. கிளம்புகிற காலையில் அவள் அதைப் பிய்த்து உங்கள் வீட்டு ஃப்ரீசரில் கறிக்கு அடியில் போட்டுவிட்டாளாம். இதை ஏன் எல்லையில் சொல்லவில்லை என்று கேட்டேன். "ஒரு வாய் பேசினதுக்கே வண்டியப் பிரிச்சுட்டாங்க. ரெண்டாவது வாய் எதுக்கு?" என்கிறாள். ஆகவே மன்னிப்பு வாபஸ். கூரையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்கு அவசியம் வாங்க. கைய வீசிக்கிட்டு வாங்க.